பின்சக்கரம் ஆடுகிறதா? பார்ட்ஸ் வாங்கும் முன் காரணத்தைத் தேடுங்கள்: ஒரு ஹெரால்டு கார் சொல்லும் பாடம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் மாமா வீட்டு வாசலில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. இரண்டு கதவு, தூக்கினால் மூக்கோடு சேர்ந்து முன்னால் சாயும் பானெட், 948 சிசி இன்ஜின். தெருவில் எல்லோருக்கும் அது ‘ஸ்போர்ட்ஸ் கார்’. பார்க்கிங்கில் யாராவது “இது ஃபேமிலி கார்தானே சார்?” என்று கேட்டுவிட்டால் போச்சு, மாமா அரை மணி நேரம் பாடம் எடுப்பார்.

அவர் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. 1959இல் இங்கிலாந்தில் வந்த ட்ரயம்ஃப் ஹெரால்டின் சேஸிஸை அடிப்படையாக வைத்துத்தான் 1962இல் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரே உருவானது. இரண்டுக்கும் பின்பக்க சஸ்பென்ஷன் ஒரே மாதிரி. சோழவரம் பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. அதைவிட முக்கியம், இந்திய ஹெரால்டு நம்ம ஊர்ப் பிள்ளை. 1961 முதல் அதைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலை இருந்தது வண்டலூர் - பெருங்களத்தூர் பகுதியில். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை அது காஞ்சிபுரம் மாவட்டம்தான்.

சரி, கதைக்கு வருவோம். மாமா பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்பு இந்த ஹெரால்டில்தான் என்பது மாமாவின் இருபது வருடக் கனவு. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால், செவிலிமேடு பாலத்தைத் தாண்டி ஒரு ரவுண்டு போனபோது பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. வேகம் முப்பதுதான். ஸ்டீயரிங் அசையவில்லை, சீட்டு மட்டும் இடமும் வலமுமாக ஆடியது.

முதல் மெக்கானிக் பேலன்சிங் பண்ணச் சொன்னார். பண்ணியாச்சு, ஆட்டம் போகவில்லை. இரண்டாமவர் டயர் மாற்றச் சொன்னார். இரண்டு புது டயர் வந்தது, ஆட்டம் அப்படியே. மூன்றாமவர் வண்டியைச் சுற்றி வந்து, “பழைய வண்டி சார், ஆடத்தான் செய்யும். மெதுவா ஓட்டுங்க” என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது அந்த மூன்றாவது பதில்தான். நான் படித்தது மீடியா ஸ்டடீஸ், ஸ்பேனர் பிடித்த கை இல்லை. ஆனால் ஹெரால்டின் பின்பக்கம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று உட்கார்ந்து படித்த பிறகு, அந்த பதிலைக் கேட்டு யாரும் வண்டியை எடுக்கவே கூடாது என்று தோன்றியது.

ஹெரால்டின் பின்பக்கம் ஏன் வேற மாதிரி?

அம்பாசடர் போன்ற அந்தக்கால வண்டிகளில் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே குழாய் மாதிரி ஆக்ஸில் சேர்த்துப் பிடித்திருக்கும். ஹெரால்டில் அப்படி இல்லை. நடுவில் டிஃப்ரென்ஷியல் சேஸிஸோடு போல்ட் போட்டு நிற்கும். அதன் இரு பக்கமும் ஆளுக்கொரு ஷாஃப்ட். ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் மட்டும் ஒரு கிராஸ் ஜாயின்ட். மேலே குறுக்காக ஒரு லீஃப் ஸ்பிரிங், கைகளை விரித்த மாதிரி. பட்டையின் நுனியிலிருந்து ஒரு இணைப்பு இறங்கி வந்து சக்கரத்துப் பக்கம் நைலான் புஷ்ஷில் உட்காரும். முன்னும் பின்னும் நகராமல் பிடிக்க ஒரு ரேடியஸ் ஆர்ம். இதற்குப் பெயர் ஸ்விங் ஆக்ஸில்.

அதாவது அந்த ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றுவது மட்டுமில்லை, சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். அதன் வெளி நுனி கூம்பு மாதிரி சரிவாக இருக்கும். அந்தச் சரிவில் ஹப் இறுகி உட்கார்ந்து, நடுவில் ஒரு சின்ன கீ, மேலே ஒரு நட். நட் தளர்ந்தால் கீ தன் பள்ளத்தைத் தின்ன ஆரம்பிக்கும். பள்ளத்தின் ஓரத்தில் விரிசல் விட்டு ஷாஃப்ட் முறிந்தால், சக்கரம், டிரம், ஹப் மூன்றும் ஒன்றாக வண்டியை விட்டுப் போய்விடும். ‘மெதுவா ஓட்டுங்க’ என்பது இதற்கு மருந்தா?

இந்த ஸ்விங் ஆக்ஸில் நம்ம ஊர் ஓனர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1972இல் ஹெரால்டுக்கு அடுத்து வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் வழக்கமான ஒற்றை ஆக்ஸிலையே போட்டுவிட்டார்கள்.

முதலில் ஒரு பொய்யான பயத்தைக் கழித்துவிடலாம். ஜாக்கி போட்டதும் ஹெரால்டின் பின்சக்கரம் அடிப்பக்கம் உள்ளே போய், கோணலாகத் தொங்கும். பார்த்தால் பகீரென்று இருக்கும். ஸ்விங் ஆக்ஸிலுக்கு அது இயல்பு. இறக்கிய பிறகும் சில அடி உருட்டினால்தான் நேராகும். இது சாய்வு, ஆட்டம் இல்லை. இரண்டையும் குழப்பி ‘அலைன்மென்ட் போச்சு’ என்று பில் போடுகிற இடங்களும் உண்டு.

காசு செலவில்லாத சோதனைகள்

சீட்டு ஆடினால் பெரும்பாலும் பின்பக்கம், ஸ்டீயரிங் ஆடினால் முன்பக்கம். இது முதல் குறிப்பு. அடுத்தது வேகம். எழுபது, எண்பதில் மட்டும் வந்து அதற்கு மேல் குறைகிற நடுக்கம் பேலன்சிங் சமாச்சாரம். இருபது முப்பதிலேயே வண்டி இடுப்பை ஆட்டினால் அது பேலன்சிங் இல்லை. ரிம் பெண்டு, டயருக்குள் அடுக்கு விட்டுப்போனது, ஹப் கோணல் என்று ஏதோ ஒன்று வட்டமாக இல்லை அல்லது நேராக இல்லை என்று அர்த்தம். மாமா வண்டி ஆடியது முப்பதில். பேலன்சிங் காசு வீண் என்பது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டியது.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 1416 என்றால் 2016ஆம் ஆண்டின் 14வது வாரம் செய்தது. அதிகம் ஓடாத கார்களில் பட்டன் நன்றாகவே இருக்கும், ரப்பர் மட்டும் செத்திருக்கும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயர் அடிப்பக்கம் தட்டையாகியும் இருக்கலாம். உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், புடைப்பு இருந்தால் கையே சொல்லும்.

இனி ஜாக்கி. முன்சக்கரங்களுக்குத் தேருக்குப் போடுகிற மாதிரி முட்டுக்கட்டை போடுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். செங்கல் வேண்டாம், வெறும் ஜாக்கியை நம்பி ஒரு விரலைக்கூட அடியில் விட வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள்.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். பிறகு 9 மணி, 3 மணி. இரண்டு பக்கமும் ஆடினால் பேரிங் அல்லது ஹப் மேல் சந்தேகம். 9 - 3இல் மட்டும் ஆடினால் ரேடியஸ் ஆர்ம் புஷ், கீழே இருக்கும் நைலான் புஷ் பக்கம் முதலில் பாருங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்கிலோ ஹப் உட்கார்ந்த சரிவிலோதான் கோளாறு. பிரேக் பிடித்தும் ஆடினால் புஷ்ஷோ, உள்பக்கக் கிராஸோ. பேரிங்கா ஹப்பா என்று பிரிக்க, ஆட்டும்போது ஷாஃப்டைக் கவனியுங்கள். ஹப் மட்டும் அசைந்து ஷாஃப்ட் சும்மா இருந்தால் ஹப் லூஸ். வண்டியை அன்றோடு நிறுத்துங்கள். கியர் போட்டு சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பும்போது ‘டொக்’ சத்தம் வந்தாலும் கிராஸையும் கீயையும் பார்க்கணும்.

எந்த ஆட்டமும் கையில் சிக்கவில்லையா? சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பியை அசையாமல் நிறுத்தி, நுனியை ரிம் விளிம்புக்கு ஒரு நூல் இடைவெளியில் வையுங்கள். சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் எங்கோ கோணல். ரிம்மா, ஹப்பா? இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் மாற்றிப் போடுங்கள். கோணல் சக்கரத்தோடு இடம் மாறினால் ரிம். அதே பக்கம் தங்கிவிட்டால் ஹப் அல்லது ஷாஃப்ட். நான்கு நட் கழற்றி மாட்டுகிற வேலை, அவ்வளவுதான். இதைச் செய்யாமல்தான் மாமா இரண்டு டயர் வாங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் இதைச் செய்தோம். கை வைத்து ஆட்டியதில் எதுவும் ஆடவில்லை. கம்பி வைத்துச் சுழற்றியபோது வலது பக்கம் இடைவெளி கூடிக் கூடிக் குறைந்தது. சக்கரத்தை மாற்றிப் போட்டும் கோணல் வலது பக்கமே இருந்தது. டிரம்மைக் கழற்றிப் பார்த்தால், ஹப்பின் விளிம்பில் பழைய சுத்தியல் தழும்புகள்.

அப்போதுதான் மாமாவுக்கு ஞாபகம் வந்தது. போன வருடம் பேரிங் சத்தம் என்று ஒரு பட்டறையில் விட்டிருந்தார். ஹெரால்டின் ஹப் அந்தச் சரிவில் அப்படி இறுகியிருக்கும், அதற்கென்று செய்த கனமான புல்லர் இல்லாமல் வராது. அங்கே புல்லர் இல்லை. நட்டைத் தளர்த்தி, விளிம்பிலே சுற்றிச் சுற்றி அடித்து எடுத்திருக்கிறார்கள். பேரிங் சத்தம் போனது, விளிம்பு வளைந்தது. கொஞ்ச நாள் நின்ற வண்டியைக் கல்யாணத்துக்காக வெளியே எடுத்ததும் ஆட்டம் தெரிந்தது. ரிப்பேர்தான் கோளாறு!

அந்த மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஸ்டாண்டர்டு கம்பெனி எண்பதுகளின் கடைசியிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்றைக்கு ஒரு பட்டறையில் இருக்கும் பையன் ஸ்விங் ஆக்ஸிலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் “இது எனக்குத் தெரியாத வண்டி அண்ணா” என்று சொல்லலாமே? நாமும் அதைச் சொல்கிற மெக்கானிக்கைத் திறமையில்லாதவர் என்று நினைக்காமல் இருக்கலாமே?

அரசு பார்க்காதா?

பார்க்கும், எப்போதாவது. 15 வருடம் தாண்டிய சொந்த காருக்குப் பதிவைப் புதுப்பித்தால் 5 வருடம் செல்லும். அந்த ஒரு நாள் ஆய்வுக்கும் அடுத்த ஆய்வுக்கும் நடுவில் உங்கள் ஹப் நட் தளர்ந்ததா என்று கேட்க ஆள் கிடையாது. 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனியாக வின்டேஜ் பதிவு கொண்டுவந்தது. எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரிப் பயணத்துக்கோ வாடகைக்கோ எடுக்கக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு மாதிரி காரணங்களுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம்.

ஆனால் முகூர்த்த நாளில் எந்த ஊர் மண்டப வாசலுக்கும் போய்ப் பாருங்கள். பூ சுற்றின பழைய கார், உள்ளே ஐந்தாறு பேர், மடியில் குழந்தை, முன்னால் நாதஸ்வரம், பின்னால் ட்ரோன். அந்த வண்டியின் பின்சக்கரத்தை யாராவது ஒரு முறை பிடித்து ஆட்டிப் பார்த்தார்களா? தேர் இழுக்கும் முன் சக்கரத்தையும் அச்சையும் சோதித்து, பொதுப்பணித் துறையிடம் உறுதிச் சான்று வாங்குகிற ஊர் இது. அதில் பத்தில் ஒரு பங்கு கவனம் இதற்கும் வேண்டாமா என்பதுதான் என் ஆதங்கம்.

மாமா ஹெரால்டு இப்போது ஸ்டாண்டு மேல் நிற்கிறது. வளைந்த ஹப்பை மறுபடி தட்டி நேராக்கலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, மாமா முதல் தடவையாக “வேணாம்பா” என்றார். ஷாஃப்டின் கீ பள்ளத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அது லேத்துப் பட்டறைக்குப் போயிருக்கிறது. வேறு ஹப்புக்குப் புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை அழைப்பு வாடகை இன்னோவாவில் நடந்தது. மாமா முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் ஆல்பத்தில் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார்.