மீன்தொட்டிக்குள் கோட்டைச் சுவர் எதற்கு?

கடல்மீன் தொட்டிப் படங்களை அடிக்கடி பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி அலுத்தே போயிருக்கும். பின்பக்கக் கண்ணாடியில் சாய்த்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, அடியிலிருந்து தண்ணீர் மட்டம் வரை ஒரே கல். ரேஷன் கடையில் மூட்டை அடுக்கினமாதிரி ஒன்றன்மேல் ஒன்று. முன்னால் மிச்சமிருக்கும் ஒரு சாண் இடத்தில் மீன்கள், பாவம், இடமும் வலமுமாகப் போய்த் திரும்பிக்கொண்டிருக்கும். "கடலையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன்" என்று தொட்டிக்காரர் பெருமைப்படுவார். உண்மையில் அவர் கொண்டுவந்தது கடலை அல்ல, ஒரு காம்பவுண்டு சுவரை!

பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். பவளத் தொட்டி என்பது உப்புத் தண்ணீரில் உயிருள்ள பவளங்களை வளர்க்கும் தொட்டி. அதில் கல் வெறும் அலங்காரம் இல்லை. 'லைவ் ராக்' என்று இதற்குப் பெயர். கல்லுக்கு உயிர் கிடையாது. அதன் ஆயிரக்கணக்கான நுண்துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்குத்தான் உயிர். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். கல்லின் மேற்பரப்பில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் அவ்வளவாகப் போகாத உள்துளைகளில் இருப்பவை அந்த நைட்ரேட்டையும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடுகின்றன. ஆக, தொட்டியின் சிறுநீரகமே இந்தக் கல்தான்.

இதைக் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடம் அல்ல. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல்லும் காற்றுக் குமிழியும் மட்டும் போதும் என்று தொட்டி வைத்துக் காட்டி, 1961-ல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகையில் அதை எழுதினார். பிற்பாடு ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் கல்லோடு புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற கழிவுநுரை பிரிக்கும் கருவியையும் சேர்த்தார்கள். 'பெர்லின் முறை' என்று உலகம் முழுக்கப் பரவியது அதுதான். அமெரிக்காவுக்குப் போனதும் ஒரு சூத்திரம் பிறந்தது: ஒரு காலன் தண்ணீருக்கு ஒன்று முதல் இரண்டு பவுண்டு கல். நம்மூர்க் கணக்கில் லிட்டருக்கு 120 முதல் 240 கிராம். நாலடி நீளத் தொட்டி, அதாவது சுமார் 240 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 30 முதல் 60 கிலோ! இவ்வளவு கல்லை வாங்கினவர் எங்கே வைப்பார்? சுவர் கட்டத்தான் செய்வார்.

இந்தச் சூத்திரத்தை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. புதிதாக வருபவருக்கு ஒரு பிடிமானம் வேண்டுமே! ஆனால் அது அளப்பது எடையை. பாக்டீரியாவுக்கு வேண்டியது எடை அல்ல, பரப்பு. கருங்கல் மாதிரி கெட்டியான 10 கிலோவை விட, பஞ்சு மாதிரி துளைவிட்ட 5 கிலோ அதிக வேலை செய்யும். அந்தப் பரப்பிலும் தண்ணீர் தொட்டுப்போகும் பகுதிதான் கணக்கு. சுவரின் நடுவே நாலு பக்கமும் அமுங்கிக் கிடக்கும் கல்லுக்கு அம்மோனியாவும் ஆக்சிஜனும் ஒழுங்காகப் போய்ச் சேராது. சம்பளப் பட்டியலில் பேர் இருக்கும், வேலை நடக்காது. போதாததற்கு 60 கிலோ கல் உள்ளே போனால் குறைந்தது 20 லிட்டர் தண்ணீராவது வெளியே போகவேண்டும். தண்ணீர் குறைந்தால் அதே கழிவு சீக்கிரம் அடர்ந்துபோகும். வடிகட்டிக்காக வாங்கிய கல்லே தண்ணீரைக் குறைக்கிறது என்றால் இது என்ன நியாயம்?

அடுத்தது அழுக்கு. சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓட்டம் செத்துவிடும். சாப்பிடாத தீனி, மீன் கழிவு, பாசித் துணுக்கு எல்லாம் அங்கே போய்ப் படியும். முன்னால் இருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும். பின்னால் மாதக்கணக்கில் சேர்ந்த சேறு அழுகிக்கொண்டிருக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று தொட்டிக்காரர் மருந்து மருந்தாக ஊற்றிக்கொண்டிருப்பார். தீர்வு பாட்டிலில் இல்லை. கல்லுக்குப் பின்னால் ஒரு குழாய் போய் உறிஞ்சுகிற அளவுக்கு இடம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சுவருக்குள் ஒரு மீன் செத்துப்போனால் அதுவும் இதே கதை. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எட்டாது. சின்னத் தொட்டியில் ஒரு பெரிய மீன் அழுகினால் மற்றவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். செத்த மீன் ஒரு தொல்லை என்றால் உயிரோடு இருக்கும் ரவுடி மீன் இன்னொரு தொல்லை. விலை குறைவு என்று வாங்கிப்போட்ட டாம்சல் மீன், வளர்ந்ததும் மொத்தத் தொட்டியையும் தன் பேட்டையாக்கிக்கொண்டு புதிதாக வரும் மீனையெல்லாம் விரட்டி விரட்டிக் கடிக்கும். சரி, பிடித்து வெளியே விடலாம் என்றால்... சுவரில் ஐம்பது பொந்து. வலை உள்ளே போனதும் ஆள் காணாமல் போய்விடுவார். கடைசியில் ஒரு விரல் நீள மீனுக்காக மொத்தச் சுவரையும் பிரித்துப்போட்டவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் நிறையப் பேர்.

பவளங்களின் பார்வையிலிருந்தும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடையில் வாங்கும்போது அவை விரல் அளவுத் துண்டுகள். சுவர் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்தால் முதல் மாதம் கொலு மாதிரி அழகாகத்தான் இருக்கும். ஆனால் பவளம் கொலுப் பொம்மை இல்லை, வளரும். வளர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை. கேலக்சியா வகைப் பவளம் ராத்திரியில் கொட்டும் கைகளை நீட்டிப் பக்கத்தில் இருப்பதைச் சுட்டுவிடும். ஜெனியா, பச்சை நட்சத்திரப் பாலிப் போன்றவை கொட்டாது, படர்ந்தே மூடிவிடும். தொடர்ச்சியான சுவர் என்பது அவற்றுக்கு நெடுஞ்சாலை. அதே பாலிப்பை மணலுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு சிறிய கல்தீவில் வைத்துவிட்டால் சுற்றிலும் மணல் அகழி. எளிதில் தாண்ட முடியாது. இரண்டு தீவு, நடுவில் ஒரு வாய்க்கால். இவ்வளவுதான் அந்த ரகசியம்.

"இதெல்லாம் ஃபேஷன். மீனுக்கு ஒளிய இடம் வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லும் முன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். திறந்த அமைப்பு என்ற பெயரில் மெல்லிசாக ஒரே ஒரு கல்வளைவை நிறுத்திப் படம் எடுத்துப் போடும் கூட்டமும் இருக்கிறது. படத்துக்கு அருமை, மீனுக்குக் கொடுமை. எங்கேயும் ஒதுங்க முடியாத மீன் பயத்திலேயே சாப்பிடாமல் கிடக்கும். ஜப்பானின் தக்காஷி அமானோ நன்னீர்த் தொட்டிகளில் பிரபலமாக்கிய 'இவகுமி' கல் அமைப்பை அப்படியே காப்பி அடித்தால் வரும் வினை இது. அங்கே சில கற்கள், புல்வெளி மாதிரி செடி, சிறிய மீன்கள். கல்லுக்குக் கொடுக்கும் மரியாதையை வெற்றிடத்துக்கும் கொடுக்க வேண்டும் என்ற பாடத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். கல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

திறந்த அமைப்பு வேறு, வெறும் அமைப்பு வேறு. நிஜமான பவளத்திட்டில் குகை உண்டு, விதானம் உண்டு, சந்து உண்டு, இடையில் மணல்வெளியும் உண்டு. ராயல் கிராமா மீன் கல் விதானத்துக்கு அடியில் தலைகீழாகவே நீந்தும். அதற்கு விதானம் வேண்டும். குரோமிஸ் கூட்டம் திறந்த நீரில் மேய்ந்துவிட்டு ஆபத்து வந்தால் கிளைப் பவளத்துக்குள் பாயும். அதற்கு வெளியும் வேண்டும், கிளையும் வேண்டும். சர்ஜன் மீனுக்கு நீள ஓட்டம் வேண்டும். கெண்டிக்கொண்டே இருக்கும் துப்பாக்கி இறாலும் அதன் கூட்டாளி கோபி மீனும் மணலில் வளை தோண்டும். ஆக, எண்ண வேண்டியது கற்களை அல்ல. ஒவ்வொரு மீனுக்கும் ஓடி ஒளிய ஒரு வாசல் இருக்கிறதா, ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் தண்ணீர் ஓடுகிறதா? இந்த இரண்டு கேள்வி போதும்.

செய்முறை ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. தொட்டியின் நீள அகலத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, உலர்ந்த கற்களை அதற்குள் அடுக்கிப் பார்க்கலாம். ஒரு வாரம் மாற்றி மாற்றி வைத்தாலும் யாரும் சாகப்போவதில்லை. உயரமான திட்டு நட்டநடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி இருப்பது நல்லது. கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே எல்லாப் பக்கமும் 8 முதல் 10 செ.மீ. விட்டால் காந்தத் துடைப்பான் போய்வரும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும், பவளம் மேலே வளரும் என்பதால். பாலம், வளைவு எல்லாம் வைக்கும்போது கற்களைத் துளையிட்டு அக்ரிலிக் கம்பி செருகி, எபாக்சியோ சிமெண்டோ வைத்துப் பிணைப்பது பாதுகாப்பு. முக்கியமான விஷயம்: முதலில் கல், பிறகு மணல். மணல்மேல் கல்லை வைத்தால் அந்த இறால் ஒருநாள் அஸ்திவாரத்தையே தோண்டிவிடும். கல் சரிந்தால் கண்ணாடி விரியும். உலர்ந்த கல்லில் பாக்டீரியா குடியேற மாதங்கள் ஆகும். அதற்குள் மீனை வாங்கிக் குவிக்கும் அவசரம்தான் கல் குறைவதைவிடப் பெரிய ஆபத்து.

கடைசியாக, தொட்டிக்கு வெளியே ஒரு விஷயம். இந்தக் கல் எங்கிருந்தோ வருகிறது. ஃபுளோரிடாவை ஒட்டிய அமெரிக்கக் கூட்டரசுக் கடலில் இயற்கையான லைவ் ராக் எடுப்பது 1997 முதல் தடை. கடலில் சாதாரணச் சுண்ணாம்புக் கல்லை இறக்கி, உயிர்கள் குடியேறிய பிறகு எடுத்து விற்கும் பண்ணை முறை அங்கே மாற்றாக வந்தது. இந்தியாவில் 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் கிடக்கிறதே என்று பவளக் கல்லை எடுத்துவந்து தொட்டியில் வைப்பதும் வினைதான். காரணம் இல்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வண்டி வண்டியாகப் பவளம் வெட்டப்பட்டது. அங்கிருந்த 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில். அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் அந்த வெட்டுதான். தூத்துக்குடி அருகே வான் தீவும் அதே வழியில் கரைந்துவிடாமல் இருக்க 2015 முதல் கடலில் கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கினார்கள். அவையும் கெட்டிச் சுவர் அல்ல, துளைவிட்ட கட்டமைப்புகளே.

60 கிலோ கேட்ட தொட்டி 20 கிலோவில் நன்றாக ஓடும் என்றால், மிச்சம் 40 கிலோ எங்கேயோ ஒரு கடலில் மீனுக்கு வீடாக இருந்துவிட்டுப் போகட்டும். பண்ணைக் கல்லோ செயற்கைக் கல்லோ கிடைத்தால் அந்த 20 கிலோவும் மிச்சம். வீட்டில் தண்ணீர் சுத்தமாகும், மீன் நிம்மதியாக நீந்தும், பர்ஸும் கனக்கும். அடுத்த முறை கடையில் இன்னும் ஒரு கல்லைக் கூடையில் போடும்முன், தொட்டியில் அது அடைக்கப்போகும் இடத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால் போதும்.