புகையை அளக்காமல் பொறியைத் திருகுவதா?

மேட்டுநில ஒசூருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று நகைப்பவர், நம் கரைகளில் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகளின் பொறியறைக்குள் ஒருமுறை இறங்கிப் பார்க்கட்டும். பலவற்றில் உறுமிக்கொண்டிருப்பது அசோக்கு இலேலண்டுப் பொறி. அந்நிறுவனத்தின் ஒசூர் ஆலை 1980-இல் எழுந்தது. டீசலை அழுத்தித் தெளிக்கும் பம்பென்றாலே வினைஞர் வாயில் வரும் பெயர் மைக்கோ; அது 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற நிறுவனம். கருநாடக எல்லையின் இப்புறமும் அப்புறமும் வார்த்துக் கடைந்த இரும்பைக் கொண்டுதான் தமிழ்மீனவன் கடலை உழுகிறான். பொறி இறங்கி வந்தது. பொறியை அளந்தறியும் அறிவு மட்டும் கரைக்கு இறங்கவில்லை. இதுவே நம் வழக்கு.

ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் கீழைக்கரையில் மீன்பிடி தடைக்காலம். பொறிகளைப் பிரித்துப் பூட்டும் காலமும் அதுவே. ஒரு துறையில் யான் கண்டதைச் சொல்கிறேன். படகுக்காரர் கூடுதல் விரைவு கேட்டார். வினைஞர், ஆலையார் கம்பியிட்டுக் கட்டிய பம்புத் திருகை அறுத்து முடுக்கினார். புகை கறுத்தது. "இனி நன்றாக இழுக்கும்" என்றார். இரண்டு திங்களில் உந்துதண்டின் தலையில் ஓட்டை! நடுக்கடலில் நின்ற படகை வேறொரு படகு கட்டியிழுத்து வந்தது. பொறியோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். வெளிப்புகையின் வெப்பம் எந்த அளவைத் தாண்டலாகாது என்று ஒரு பக்கத்தில் தெளிவாக அச்சிட்டிருந்தார்கள், முழுதும் ஆங்கிலத்தில்! வினைஞரை யான் குறைகூறேன். அவர் கண்ணையும் காதையும் விட்டால் வேறென்ன கருவி கொடுத்தோம்?

கறுத்த புகை ஆற்றலின் அடையாளமன்று. எரியாது கழிந்த கரி அது. டீசல் பொறி இழுக்கும் காற்றுக்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லையைக் கடந்து டீசலைத் திணித்தால் வெளிப்புகையின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அலுமினியம் உருகுவது 660 பாகையில். உந்துதண்டு வார்க்கும் கலவையோ அதற்கும் முன்னரே இளகும். இதைக் கண் காணாது, வெப்பமின்னிரட்டை காணும். இருவேறு மாழைக் கம்பிகளை நுனியில் ஒன்றாய்ப் பற்றவைத்துச் சூட்டில் வைத்தால் சிறு மின்னழுத்தம் பிறக்கும் என்பது சீபெக்கு 1821-இல் கண்ட உண்மை. சில ஆயிரம் உருவாவில் அடங்கும் கருவி. ஒவ்வோர் உருளையின் புகைவாயிலிலும் ஒன்றைப் பொருத்தினால், எந்த உருளைக்கு டீசல் குறைகிறது, எதன் நாசில் ஒழுகுகிறது என்பதைப் பொறியைப் பிரிக்காமலே சொல்லிவிடலாம்.

இனி ஒசூரைப் பாருங்கள். வெளிப்புகையில் எஞ்சும் உயிர்வளியை அறியும் உணரியைச் செருமானியப் போசு நிறுவனம் 1976-இல் வால்வோ மகிழுந்தில் பொருத்தியது. ஆறாம்படி மாசுக் கட்டுப்பாட்டு நெறி 2020 ஏப்பிரல் 1-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, ஒசூரில் உருவாகும் ஈருருளிகளிலும் அவ்வுணரி இடம்பிடித்துவிட்டது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது நிறைகலவை. பெட்ரோல் மிகுந்தால் உணரி 0.9 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், குறைந்தால் 0.1-ஐ ஒட்டி இறங்கும். பாகலூரிலிருந்தும் சூளகிரியிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் வேலைக்கு வரும் இளைஞர் இதை நாள்தோறும் கையாள்கின்றனர். வாங்கி ஓட்டும் நகரத்தானுக்கு இவ்வளவு காவல்! புயலுக்கும் அலைக்கும் நடுவே உயிரைப் பொறியிடம் ஒப்படைத்தவனுக்குக் கரும்புகைதான் அளவுகோலா?

ஒசூர் அறிவை அப்படியே பெயர்த்துக் கடலில் நட்டுவிடலாம் என்று யான் சொல்லவில்லை. பெட்ரோல் பொறி முழுவிசையில் ஓடும்போது பெட்ரோல் குறைந்தால் சூடேறும், சற்றே மிகுந்தால் தணியும். டீசல் பொறியில் நேர்மாறு, மிகுந்தால்தான் சூடேறும். இவ்வேறுபாடு அறியாதவன் கையில் வெப்பமானி இருந்தும் பொறியைக் கொல்வான். கடல்நீரைப் புகைக்குழாயில் பாய்ச்சித் தணிக்கும் படகுகளில், நீர் கலக்கும் இடத்திற்கு முன்னதாகவே உணரியைப் பொருத்தல் வேண்டும். கொதிக்கும் உயிர்வளி உணரியின்மேல் நீர்த்துளி பட்டால் அதன் பீங்கான் வெடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. வண்டி இறக்கத்தில் இளைப்பாறும். படகுக்கு இறக்கமே இல்லை. நீரைத் தள்ளும் உந்துவிசிறியின் சுழற்சி 10 விழுக்காடு கூட, பொறியின் ஆற்றல் 33 விழுக்காடு கூடவேண்டும். பெரிய விசிறியை மாட்டிவிட்டுப் பொறி அதன் முழுச்சுற்றை எட்டவில்லையே என்று பம்பைத் திருகுவது, செருப்புக் கடித்ததற்குக் காலை வெட்டுவதாகும். வெப்பமானி இருந்திருந்தால் குற்றம் விசிறியில் என்பது முதல்நாளே தெரிந்திருக்கும். தமிழ்நாட்டின் 2020-ஆம் ஆண்டுக் கடல்மீன்பிடி நெறிகள் படகுப்பொறிக்கு 240 குதிரைத்திறன் என எல்லை கட்டின. அதையும் மீறிப் பெரும்பொறி தேடி அலைவோர், இருக்கும் பொறி தன் ஆற்றலை முழுதும் தருகிறதா என்று அளந்ததுண்டா?

சொல்லில்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். உணரி, உயிர்வளி, வெப்பமின்னிரட்டை, வெளிப்புகை, நிறைகலவை எல்லாம் தமிழாகவே நிற்கின்றன. மீனவனுக்குப் பொறி விற்பவன் அவன் மொழியில் கையேடு தரட்டும். படகுப்பொறிக்கு மானியம் தரும் அரசு, வெப்பமானி பொருத்திய பொறிக்கே அதைத் தரட்டும். நாகையில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒசூரில் கைதேர்ந்த வினைஞர் இருக்கின்றனர். 61 நாள் தடைக்காலத்தில் இவ்விருவரையும் ஒரு படகுத்துறையில் அமர்த்த எந்த மலை தடுக்கிறது?

ஓட்டை விழுந்த பொறியின் உரிமையாளர், அந்த ஆங்கிலப் பக்கத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. மெழுகுத்தாள் ஒட்டி, பொறியறைச் சுவரில் மாட்டியிருக்கிறார்.