நஞ்சை அறிவதே நல்ல காவல்

‘பாம்பென்றால் படையும் நடுங்கும்’ என்பது பழமொழி. வீட்டுக் கொல்லையிலோ கால்வாய் ஓரத்திலோ பாம்பொன்று தென்பட்டால், பெரும்பாலோரின் கை முதலில் தேடுவது தடியைத்தான். இந்த அச்சம் இயல்பானதே. எனினும், பாம்பு தீண்டியவரின் உயிரைக் காப்பது அச்சமன்று. நஞ்சைப் பற்றிய அறிவே ஆகும். ஆகவே, பாம்பு நஞ்சைப் பற்றிய ஆய்வுக்கு ஒவ்வொரு நாடும் உரிய ஆதரவு தர வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் ஏறக்குறைய 5.4 மில்லியன் பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர். அவர்களுள் 81,000 முதல் 138,000 பேர் வரை உயிரிழக்கின்றனர். கை கால்களை இழந்தோரும் நிரந்தர உடற்குறைக்கு ஆளானோரும் இதனினும் பன்மடங்கு. இவர்களில் பெரும்பாலோர் வயலிலும் தோட்டத்திலும் பாடுபடும் ஏழை மக்கள். 2017-ஆம் ஆண்டில்தான் இந்நிறுவனம் பாம்புக்கடி நச்சுப் பாதிப்பைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ‘புறக்கணிக்கப்பட்ட’ என்னும் சொல்லே நிலைமையை உணர்த்தப் போதுமானது.

பாம்பின் நஞ்சு ஒற்றைப் பொருளன்று. பலவகைப் புரதங்களின் கலவை. அது உடலைத் தாக்கும் விதமும் பாம்புக்குப் பாம்பு மாறுபடும். கட்டுவிரியனின் நஞ்சு, நரம்பு இடும் கட்டளை தசையைச் சென்று சேராதவாறு தடுக்கிறது. முதலில் கண்ணிமைகள் தாமாகத் தாழும்; பேச்சு குழறும்; இறுதியில் மூச்சு விடுவதற்கு உதவும் தசைகளும் ஓய்ந்துவிடும். கடித்த இடத்தில் வலி மிகாததால், உறக்கத்தில் கடிபட்டவர் சிலர் அதை உணர்வதுகூட இல்லை. நாகப்பாம்பு வகைகள் சிலவற்றின் நஞ்சு, கடிபட்ட இடத்தைச் சுற்றியுள்ள தோலையும் தசையையும் அழுகச் செய்கிறது. விரியன் வகைப் பாம்புகளின் நஞ்சோ பெரும்பாலும் இரத்தத்தைத் தாக்குகிறது.

இவ்வேறுபாட்டை அறியாமல் மருத்துவம் செய்ய இயலாது என்பதை வரலாறு காட்டுகிறது. பிரான்ஸ் நாட்டு அறிஞர் அல்பெர்ட் கல்மெட் 1890-களில் நாகப்பாம்பின் நஞ்சுக்கு எதிரான மருந்தை உருவாக்கினார். அஃது எல்லாப் பாம்புகளின் நஞ்சையும் முறிக்கும் என அவர் நம்பினார். ஆனால், பிரேசில் நாட்டு மருத்துவர் வித்தால் பிரசில் ஆராய்ந்தபோது, அந்நாட்டுப் பாம்புகளின் நஞ்சை அம்மருந்தால் முறிக்க முடியவில்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அங்குள்ள பாம்புகளின் நஞ்சிலிருந்தே மருந்து செய்ய வேண்டும் என்பதை உலகம் அப்போதுதான் கற்றுக்கொண்டது. ஒரே இனப் பாம்பின் நஞ்சுகூட இடத்துக்கு இடம் வேறுபடுவதுண்டு. அண்டை நாட்டு மருந்தை வாங்கிப் பயன்படுத்தினாலும், அஃது உள்ளூர்ப் பாம்பின் நஞ்சை முறிக்குமா என்பதை உள்ளூர் ஆய்வாளர்களே சோதித்துக் கூற வேண்டும்.

இத்தகைய ஆய்வுக்குப் பினாங்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் அங்கு மருத்துவராகப் பணியாற்றிய அலிஸ்டர் ரீட், வடமலேசியாவில் மிகுதியாகக் காணப்படும் மலாயாக் குழிவிரியனால் கடிபட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தார். அவர்களது இரத்தம் உறையும் தன்மையை இழந்திருந்தது. மருந்து தரப்படாவிட்டால், அந்நிலை நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கிலும் நீடித்தது. இரத்தம் உறைவதற்குத் தேவையான புரதத்தை நஞ்சு தீர்த்துவிடுவதே அதற்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. இன்றும் பல நாட்டு மருத்துவமனைகளில், கடிபட்டவரின் இரத்தத்தைத் தூய கண்ணாடிக் குழாயில் இட்டு 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்கின்றனர். இரத்தம் உறையாவிட்டால், நஞ்சு வேலை செய்கிறது என அறிகின்றனர்.

நஞ்சைப் பற்றிய ஆய்வு பாம்புக்கடிக்கு மருந்து தருவதோடு நின்றுவிடவில்லை. ஜராராக்கா எனும் பிரேசில் நாட்டுக் குழிவிரியனின் நஞ்சு இரத்த அழுத்தத்தைக் குறைக்க வல்லது. அதை ஆராய்ந்ததன் பயனாகப் பிறந்தது ‘கேப்டோபிரில்’ என்னும் மருந்து. சுருட்டை விரியனின் நஞ்சில் உள்ள ஒரு புரதம், மாரடைப்பு நோயாளிகளுக்கு உதவும் ‘டைரோஃபிபான்’ என்னும் மருந்துக்கு வழிகாட்டியது. உயிரைப் பறிக்கும் ஆற்றல், அளவும் வழியும் அறிந்தவர் கையில் உயிரைக் காக்கும் ஆற்றலாக மாறுகிறது.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் பாம்புக்கடியால் இறப்போர் மிகச் சிலரே. அதற்காகப் பெரும்பொருள் செலவிடுவது தேவையா எனச் சிலர் வினவலாம். இறப்போர் சிலரே என்பது உண்மைதான். ஆனால், மருத்துவமனையில் தக்க மருந்து ஆயத்தமாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது. மேலும், வாங்குவோர் ஏழைகளாகவும் சிலராகவும் இருக்கும் மருந்தை உருவாக்கப் பெரிய நிறுவனங்கள் எளிதில் முன்வருவதில்லை. ஆகையால், அரசுகளும் பல்கலைக்கழகங்களுமே அப்பொறுப்பை ஏற்க வேண்டியுள்ளது.

ஆய்வுக்கு நஞ்சு வேண்டும். நஞ்சுக்கு உயிருள்ள பாம்பு வேண்டும். தமிழகத்தின் இருளர் சமூகத்தினர் இதற்குச் சான்றாக விளங்குகின்றனர். முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்த அவர்கள், 1978-இல் சென்னைக்கு அருகே கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். இப்போது பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சு இந்தியாவில் நச்சுமுறி மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பாம்பை அடித்துக் கொல்வதைவிட அதை அறிந்து கையாள்வதே சிறந்தது என்பதை அவர்களது வாழ்க்கை உணர்த்துகிறது.

அறிவின் பயன் ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடக் கூடாது. கடிவாயைக் கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியவை தீங்கையே விளைவிக்கும். கடிபட்டவரை அமைதிப்படுத்தி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே ஏற்ற வழி. வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால், தடியைத் தேடாமல் பயிற்சி பெற்ற பொதுத் தற்காப்புப் படையினர் போன்றோரை அழைப்பதே அறிவுடைமை. அச்சம் ஒரு பாம்பைக் கொல்லலாம். ஆய்வோ பல உயிர்களைக் காக்கும். எனவே, பாம்பு நஞ்சை ஆராய்வோருக்குத் துணை நிற்பது அரசின் கடமை. அவர்கள் கண்டறிந்ததைக் கற்று நடப்பது மக்களின் கடமை.