முதலில் தகட்டைத் தீட்டு. பிறகு கிதாரைத் தொடு!

கிதார் செய்யக் கற்றுக்கொள்ள வரும் இளைஞன் முதலில் எதைக் கேட்கிறான்?

நல்ல மரம் கேட்கிறான். விலை உயர்ந்த உளி கேட்கிறான். மின்சாரத்தில் ஓடும் தேய்ப்பு இயந்திரம் கேட்கிறான்.

உள்ளங்கை அகலமுள்ள ஓர் எஃகுத் தகட்டை அவன் கேட்பதில்லை. கொடுத்தாலும் அதை மதிப்பதில்லை. ஒரு நாள் தேய்த்துப் பார்க்கிறான். மரம் சீவப்படவில்லை. "இது உதவாத சாமான்" என்று மூலையில் போட்டு விடுகிறான்.

உதவாதது தகடா? அவன் கையா?

குற்றம் தகட்டின் மேல் இல்லை. அதைத் தீட்டச் சொல்லிக் கொடுக்காதவர்கள் மேல்தான் இருக்கிறது. கிதார்ப் பட்டறை எந்த நாட்டில் இருந்தாலும் சரி, முதல் பாடம் கூர் தீட்டுவதாகத்தான் இருக்க வேண்டும். அது தெரியாதவன் கையில் கிதார் மரத்தைக் கொடுக்கக் கூடாது.

ஏழைக் கருவி

அந்தத் தகட்டின் பெயர் சுரண்டி.

சுமார் 15 சென்டி மீட்டர் நீளம், 6 சென்டி மீட்டர் அகலம் இருக்கும். கனம் 1 மில்லி மீட்டர்கூட இராது. அதற்குப் பிடி கிடையாது. திருகு கிடையாது. கெட்டுப் போக அதில் வேறு உறுப்பே கிடையாது. தேய்ந்துபோன பழைய ரம்பத்தை வெட்டி, அதிலிருந்து சுரண்டி செய்து கொள்ளும் தொழிலாளிகளும் உண்டு.

இது மேஜை, நாற்காலி செய்யும் தச்சனின் கருவி. கிதாரும் அந்தப் பட்டறையில் வளர்ந்த பிள்ளைதான்!

இதற்கு ஒரு வழக்கே சாட்சி. ஜெர்மனியில் மார்க்நியூகிர்ச்சன் என்று ஓர் ஊர். 1820-ம், 1830-ம் ஆண்டுகளை ஒட்டிய காலத்தில் அங்கே ஒரு தகராறு மூண்டது. "கிதார் செய்யும் உரிமை எங்களுக்கே" என்றார்கள் வயலின் செய்பவர்கள். "நாங்களும் செய்வோம்" என்றார்கள் தச்சர்கள். தச்சர்கள் பக்கம் நின்றவர்களில் ஒருவர் மார்ட்டின் என்பவர். அவர் 1833-ல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அங்கே அவர் தொடங்கிய கிதார்த் தொழில் இன்றும் அவர் பெயராலேயே நடக்கிறது.

2 மில்லி மீட்டரில் இருக்கிறது குரல்

கிதாரின் குரல் எங்கே பிறக்கிறது?

தந்தியில் பிறக்கிறது என்று பலரும் நினைப்பார்கள். தந்தி மட்டும் அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. அந்த அதிர்ச்சியை வாங்கிப் பெரிதாக்கிக் கொடுப்பது கிதாரின் மேல்பலகை. அது ஸ்புரூஸ் அல்லது சீடர் மரத்தில் செய்வது. அதன் கனம் 2 முதல் 2½ மில்லி மீட்டர் வரை இருக்கும். அவ்வளவுதான்!

பலகை அளவுக்கு மேல் கனமாக இருந்தால் கிதார் வாய் திறக்காது. அளவுக்கு மேல் மெலிந்தால் தந்தியின் இழுப்பைத் தாங்காமல் வளைந்து விடும். இடையில் இருக்கும் வித்தியாசம் ஒரு காகிதக் கனம், இரண்டு காகிதக் கனம்தான்.

ஸ்பெயின் நாட்டில் அந்தோனியோ தே தோர்ரஸ் என்று ஒருவர் இருந்தார். 1817-ல் அல்மேரியா நகரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். தச்சு வேலை கற்றவர். இன்று உலகம் முழுவதும் செய்யப்படும் ஸ்பானிஷ் கிதாரின் உருவத்தை நிலைநிறுத்தியவர் அவரே.

1862-ல் அவர் ஒரு வேடிக்கை செய்தார். மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் செய்தார். பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து விட்டார்! மேல்பலகைதான் கிதாரின் உயிர் என்பதை அந்தக் கிதார் எடுத்துக் காட்டியது. அது இன்றும் பார்சிலோனா நகரத்து இசைக் காட்சிசாலையில் இருக்கிறது.

தோர்ரஸிடம் பழகிய பாதிரியார் ஒருவர் பிற்காலத்தில் ஒரு செய்தி எழுதி வைத்தார். "உங்கள் ரகசியம் என்ன?" என்ற பேச்சு ஒரு நாள் வந்ததாம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பலகையைப் பிடித்துப் பார்க்கும் உணர்ச்சிதான் என்று தோர்ரஸ் பதில் சொன்னாராம்.

இதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. விரலால் பார்த்து வேலை செய்பவனுக்கு, ஒரு மயிரிழை மட்டும் எடுத்துவிட்டு நிற்கக் கூடிய கருவி வேண்டும். இழைப்புளி சில இடங்களில் அதிகம் எடுத்து விடும். சுரண்டி அப்படிச் செய்யாது.

உப்புத்தாள் போதாதா?

"உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போகிறது! எதற்கு இந்தத் தொல்லை?" என்று கேட்பவர்கள் உண்டு.

ஸ்புரூஸ் பலகையை உற்றுப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். கறுத்த கோடு கெட்டி மரம். வெளுத்த இடம் மெத்து மரம். விரலை வைத்து உப்புத்தாளைத் தேய்த்தால் மெத்து மரம் சீக்கிரம் தேயும். கெட்டி மரம் அப்படியே நிற்கும். பலகை மேடு பள்ளமாகி விடும். கூரான சுரண்டியோ இரண்டையும் ஒரே மட்டமாகச் சீவும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கிதாரின் ஓரத்தில் கறுத்த ஈட்டி மரப் பட்டை ஒட்டியிருப்பார்கள். அதன் பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்ற மேல்பலகை இருக்கும். இரண்டையும் சேர்த்து உப்புத்தாளால் தேய்த்தால், கறுப்புத் தூள் வெள்ளை மரத்தின் கண்களில் போய் அடைத்துக் கொள்ளும். புதுக் கிதார் அழுக்குத் துணிபோல ஆகி விடும். சுரண்டி தூளாக்காது. சுருள் சுருளாகச் சீவி எடுக்கும். வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது உயிர்க் காரணம்.

உப்புத்தாள் கிளப்பும் தூள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானது. அது மூக்கு வழியாக உள்ளே போகிறது. ஈட்டி மரத் தூள் சிலருக்கு அரிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1995-ல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

சுருளாக விழும் மரம் தரையில் கிடக்கும். துடைப்பத்தால் கூட்டி விடலாம். நெஞ்சுக்குள் போன தூளை எந்தத் துடைப்பத்தால் கூட்டுவது? சிறுவர்களை வேலைக்குப் பழக்கும் பெரியவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கூடம் கோணல் அல்ல!

இவ்வளவு நல்ல கருவியை ஏன் மூலையில் போடுகிறார்கள்?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!" அந்தக் கதைதான். சுரண்டியின் கூர், கத்தியின் கூர் போன்றது அல்ல. அதன் விளிம்பில் ஒரு சிறு கொக்கி இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. தகட்டின் முகத்திலிருந்து விளிம்புக்கு வெளியே விரலை மெல்லத் தடவினால் மட்டும் தட்டுப்படும். அந்தக் கொக்கிதான் மரத்தைச் சீவுகிறது. கொக்கி இல்லாத சுரண்டி வெறும் தகரம்!

அதை உண்டாக்க நான்கு வேலைகள் உண்டு.

முதல் வேலை அரம். தகட்டை வைஸில் நிமிர்த்திப் பிடித்து, விளிம்பைத் தட்டை அரத்தால் நேராக ராவ வேண்டும். பழைய கொக்கி முழுவதும் போய்விட வேண்டும்.

இரண்டாவது எண்ணெய்க் கல். அரம் விட்டுச் சென்ற வரிகள் மறையும் வரை விளிம்பைக் கல்லில் தேய்க்க வேண்டும். தகடு சாயாமல் இருக்க ஒரு மரக்கட்டையை அணையாகக் கொடுக்கலாம். பிறகு தகட்டின் இரு முகங்களையும் கல்லில் தட்டையாகப் படுக்க வைத்துத் தேய்த்துப் பிசிறை எடுக்க வேண்டும்.

மூன்றாவது வேலை கம்பி. தகட்டைவிடக் கெட்டியான, வழவழப்பான எஃகுக் கம்பி வேண்டும். தகட்டைப் பலகைமேல் படுக்க வைத்து, அதன் முகத்தில் விளிம்போரமாகக் கம்பியை அழுத்தி இழுத்தால், எஃகு வெளிப்புறமாகப் பிதுங்கும்.

நான்காவது திருப்பம். தகட்டை மறுபடி நிமிர்த்திப் பிடித்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, விளிம்பின் மேல் கம்பியை இழுக்க வேண்டும். முதலில் நேராக. அப்புறம் சற்றே சாய்த்து. 5 முதல் 10 டிகிரி சாய்வு போதும். நாலைந்து இழுப்பில் கொக்கி திரும்பி விடும். பலம் அதிகம் கொடுத்தால் கொக்கி உருண்டு, கூர் கெட்டு விடும்.

பழகிய கைக்கு இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. பழகாத கைக்கு ஒரு வாரப் பாடம். அந்த ஒரு வாரத்தைக் கொடுக்கத்தான் இன்று பலருக்கு மனம் வரவில்லை!

சுருளா, தூளா?

தீட்டி முடிந்ததா? சோதனை எளிது.

"தீட்டிய மரத்திலேயே கூர் பார்க்காதே" என்பார்கள். கிதார் தொழிலிலும் விலை உயர்ந்த பலகையில் கூர் பார்க்கக் கூடாது. கழிவுத் துண்டு ஒன்றில் பார்க்க வேண்டும்.

தகட்டை இரு கைகளாலும் பிடித்து, பின்புறத்தில் கட்டை விரல்களால் அழுத்தி வில்போல் லேசாக வளைக்க வேண்டும். முன்புறம் சாய்த்துத் தள்ள வேண்டும். மெல்லிய சுருள் எழுந்தால் கூர் சரி. தூள் விழுந்தால் திரும்பவும் கல்லுக்குப் போக வேண்டியதுதான். ஸ்புரூஸ் போன்ற மெத்து மரம் மொண்ணைச் சுரண்டியைச் சிறிதும் பொறுக்காது. நார் நாராகப் பிய்ந்து விடும்.

ஒரே இடத்தைச் சுரண்டிக் கொண்டிருக்கக் கூடாது. குழி விழும். தகட்டின் மூலைகளைச் சற்று மழுக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை மரத்தைக் கீறும். கழுத்து வளைவுகளுக்கு வளைந்த சுரண்டி தனியே உண்டு.

விடாமல் வேலை செய்தால் தகடு சுடும். கட்டை விரல் கொதிக்கும். அது தகடு கேட்கும் ஓய்வு. அந்த நேரத்தில் ஒரு தடவை கம்பியை இழுத்துக் கூரைப் புதுப்பித்துக் கொள்ளலாம்.

இயந்திரம் வேண்டாமா?

இயந்திரம் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆயிரக் கணக்கில் கிதார் செய்யும் தொழிற்சாலைக்கு இயந்திரம் இல்லாமல் முடியாது. அதனால்தான் குறைந்த விலையில் ஏழை மாணவனுக்கும் கிதார் கிடைக்கிறது. சாயம் பூசும் முன் உப்புத்தாளுக்கும் வேலை உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் பெரிய கிப்சன் தொழிற்சாலையில்கூட, கிதாரின் ஓரப் பட்டையின் மேல் படிந்த வண்ணத்தை ஆள்தான் கையால் சுரண்டி எடுக்கிறார். இயந்திரம் வந்த பிறகும் கை போகவில்லை!

இயந்திரம் எல்லாப் பலகையையும் ஒரே கனமாக்கும். ஆனால் இரண்டு பலகைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று விறைப்பு, ஒன்று நெகிழ்வு. எந்தப் பலகையை எங்கே மெலிய விட வேண்டும் என்று பார்ப்பது மனிதனின் வேலை. இயந்திரத்தைப் பயன்படுத்துபவனும் சுரண்டியைக் கற்றிருக்க வேண்டும். கற்றபின் இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது வேறு. கற்காததால் இயந்திரத்தின் பின்னால் ஒளிவது வேறு.

நம் காட்டு மரம்

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

கிதாரின் பின்புறத்துக்குப் பெயர் பெற்றிருந்தது பிரேசில் நாட்டு ரோஸ்வுட். காடு அழிந்ததால் 1992-ல் அதன் உலக வியாபாரம் தடுக்கப்பட்டது. அதற்கு முன்பே பல கிதார் கம்பெனிகள் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறி விட்டன. அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். 2017 முதல் அந்த இனம் முழுவதன் உலக வியாபாரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. முடிந்த இசைக் கருவிகளுக்கு மட்டும் 2019-ல் விலக்குக் கொடுத்தார்கள்.

ஈட்டி மரத்தில் நார் முன்னும் பின்னும் பின்னிக் கிடக்கும். மொண்ணைக் கருவி பட்டால் பிய்ந்து விடும். அரை மில்லி மீட்டர் ஆழம் பிய்ந்தால், பலகை முழுவதையும் அரை மில்லி மீட்டர் குறைக்க வேண்டும். 2½ மில்லி மீட்டர் பலகையில் அது ஐந்தில் ஒரு பங்கு! பல சமயம் பலகையே வீண்.

பல பத்து ஆண்டுகள் வளர்ந்த மரம். ஐந்து நிமிடம் தீட்டச் சோம்பல் பட்டவன் கையில் குப்பையாகிறது. இதைவிட அநியாயம் உண்டா?

கடைசிப் பேச்சு

கூர் தீட்டும் நேரம் வீண் நேரம் அல்ல. அதுவும் வேலைதான். வேலையின் முதல் பாதி அதுவே.

சுரண்டி தொழிலாளியிடம் பொய் சொல்வதில்லை. நன்றாகத் தீட்டினால் சுருள் தருகிறது. ஏமாற்றினால் தூளைக் காட்டுகிறது. கையில் பிரம்பு இல்லாத இப்படிப்பட்ட வாத்தியார் கிடைப்பது அரிது.

ஆகவே கிதார் கற்றுக் கொடுக்கும் பட்டறைகள் முதல் நாள் மாணவன் கையில் மரத்தைக் கொடுக்க வேண்டாம். ஒரு தகடு, ஓர் அரம், ஒரு கல், ஒரு கம்பி. இந்த நான்கையும் கொடுக்கட்டும். கழிவுத் துண்டிலிருந்து அவன் மெல்லிய சுருள் ஒன்றை எடுத்துக் கொண்டு வரட்டும்.

அந்தச் சுருளைப் பார்த்த பிறகு மேல்பலகையைக் கொடுக்கலாம்.