முயலின் பல்லில் குற்றமில்லை

"முயல் வளர்த்தால் வீடு மிஞ்சாது." எங்கள் ஊரான களுதாவளையில் முயல் வாங்கப் போகிறோம் என்று வாய் திறந்தாலே இப்படி எச்சரிக்க ஒருவர் வந்துவிடுவார். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது என்று ஒரு சோடி வாங்குவார்கள். ஒரு கிழமை மடியில் வைத்துக் கொஞ்சுவார்கள். சார்ஜர் வயரை அது கடித்து அறுத்த அன்றே வளவின் மூலையில் தகரக்கூரை போட்ட கூண்டு எழும்பிவிடும். அதன்பின் அந்த முயலைத் தேடிப்போய்த் தொடுவார் இல்லை. கடிக்கும் முயலைப் பற்றி ஊரில் சொல்லும் நியாயங்கள் நான்கு. அவற்றில் ஒன்றுகூட நிற்காது.

முதலாவது: "அது கெட்ட குணம், அடித்தால் திருந்தும்."

கடிப்பது கெட்ட குணமல்ல, பிறவிப் பழக்கம். நம் பற்றைகளில் ஓடும் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டாது. புல் மறைவில் படுத்துக்கொள்ளும். வீட்டு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்து மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. வளைக்குக் குறுக்கே வேர் நீண்டால் கடித்து அறுத்து வழியைத் துப்புரவாக்குவது அங்கே தினசரி வேலை. மேசைக்குப் பின்னால் தொங்கும் வயரிலும் அது அதே வேலையைத்தான் செய்கிறது. தன் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது முயலின் கண்ணுக்குத் தெரியாது. மீசையாலும் உதட்டாலும் தொட்டு, பல்லால் பதம் பார்த்தே ஒரு பொருளை அறியும். அதற்கு வாய்தான் கை. அடித்தால் கடிப்பதை விடாது. அடித்தவரைக் கண்டு ஒளிக்கத்தான் பழகும். அதன் எலும்பும் மெல்லியது. பிடித்திருக்கும்போது பயந்து பின்னங்காலை உதறினாலே முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும்.

இரண்டாவது: "பல் வளர்ந்துகொண்டே இருக்கும், மரம் கடித்தே தீரும். பல்லை வெட்டிவிட்டால் சரி."

பல் வளர்வது உண்மை. 28 பற்களும் சாகும்வரை வளரும். மேல் முன்பல் கிழமைக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். ஆனால் முன்பற்கள் ஒன்றோடொன்று உரசித்தான் பெரும்பாலும் தேய்கின்றன. கடைவாய்ப் பற்களைத் தேய்ப்பது நார்ப் புல். புல் தின்னும் முயலைக் கிட்ட இருந்து பாருங்கள்: தாடை பக்கவாட்டில் ஓடி ஓடி அரைக்கும், ஒரு கட்டு முடிய மணிக்கணக்காகும். கரட்டும் கடைத் தீனும் கொடுத்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் சும்மா இருக்கும் வாய்க்குக் கதவுநிலை அகப்படுகிறது. ஆகவே வேண்டியது பல்வெட்டு அல்ல, புல்லுக்கட்டு. நகவெட்டியால் வெட்டினால் பல் நெடுகப் பிளந்து வேரில் சீழ் கட்டலாம். பல் கோணலாக வளர்ந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

புல்லுக்கு நமக்குப் பஞ்சமில்லை. கினிப்புல் எங்கும் நிற்கிறது. பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகும் முயலுக்கு நல்ல தீன். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இது வெற்றிலையும் மிளகாயும் மரக்கறியும் செய்யும் ஊர். மருந்தடித்த தோட்டத்து வரம்பில் வெட்டிய புல்லை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது: "மிளகாய்த்தூளோ மண்ணெண்ணெயோ பூசினால் கிட்ட வராது."

முயல் முன்னங்கால்களை நக்கி, அவற்றாலேயே முகம் கழுவும் பிராணி. காலில் ஒட்டிய தூள் கண்ணுக்குப் போகும். மண்ணெண்ணெய் வயிற்றுக்குப் போகும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன நஞ்சு உள்ளேதான். கதிரைக் காலைக் காப்பாற்ற ஓர் உயிரை எரிய விடுவதை நான் எந்த வகையிலும் ஏற்கமாட்டேன்.

நான்காவது: "கூண்டில் போட்டால் தீர்ந்தது."

முயலால் வியர்த்துச் சூடு தணிக்க முடியாது. காதுகள் வழியாகவே பெரும்பாலும் தணிக்கும். வெப்பம் 30 பாகையைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து. கச்சான் காற்று அடிக்கும் மத்தியானத்தில் தகரக்கூரையின் கீழ் அது படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். கூண்டுக்குள் போனாலும் கடிப்பது நிற்காது. கம்பியைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொள்ளும். தடுப்பே மருந்து என்று நம்பியவர்களுக்கு அவுஸ்திரேலியா பெரிய பாடம். 1859இல் விக்டோரியாவில் தோமஸ் ஒஸ்டின் வேட்டைக்காக விட்ட முயல்கள் நாடெங்கும் பெருகின. மேற்கு அவுஸ்திரேலியாவைக் காக்க 1901இல் தொடங்கி 1907இல் முடித்த வேலிகளின் நீளம் 3,000 கிலோமீற்றருக்கும் மேல். வலையின் அடியை மண்ணுக்குள் புதைத்தும் பார்த்தார்கள். வேலை முடியுமுன்பே முயல்கள் மறுபக்கம் போய்விட்டன. நம் மணற்பாங்கான வளவில் ஒரு கூண்டு எம்மாத்திரம்?

வயர் விடயத்தில் மட்டும் இப்படிச் சொல்பவர்களின் பயம் நியாயமானது. 230 வோல்ற் ஓடும் வயரைக் கடித்தால் முயல் சாகும், வீடும் தீப்பிடிக்கலாம். அதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. வயரை பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள், அல்லது இடுப்புயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள். குளிரூட்டிக்குப் பின்னுள்ள இடைவெளியைப் பலகையால் அடையுங்கள். கதவுநிலையின் அடி மூலையில் தகட்டுத் துண்டு ஒன்றை அறையுங்கள்.

பிறகு கடிப்பதற்கென்று அதற்கு உரிமையாகக் கொடுங்கள்: முருங்கைத் தடி, கொய்யாத் தடி, சாயம் போடாத பழைய பன்பாய், பனையோலைப் பெட்டி, ஒட்டுநாடா உரித்த காட்போட் பெட்டி. முயல் அதிகம் ஓடியாடுவது விடியற்காலையும் பொழுதுபடும் நேரமும்தான். வீட்டில் ஆள் இருக்கும் அந்த நேரங்களில் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விடாதீர்கள். சினைக்காலம் 31 நாள்தான். குட்டி போட நெருங்கும் பெண் முயல் தோண்டுவதும் பிய்ப்பதும் கூடும்.

இவை பெரிய செலவில்லாத, ஒரு சனிக்கிழமையில் முடிகிற வேலைகள். முயல் வீட்டுக்கு வந்தபிறகல்ல, வருமுன்பே இவற்றைச் செய்து முடியுங்கள். செய்ய மனமோ நேரமோ இல்லையென்றால் முயல் வாங்க வேண்டாம். காரணத்தைப் பிள்ளைக்கும் மறைக்காமல் சொல்லுங்கள்: ஓர் உயிரை வீட்டுக்கு அழைப்பதென்றால் அது வாழக்கூடியதாக வீட்டை முதலில் மாற்ற வேண்டும்.