காருக்குப் பல் கிடையாது!

சந்தையில் மாடு வாங்கப் போகிறவர் என்ன செய்வார்? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். சுழியைப் பார்ப்பார். நாலு அடி நடக்க விட்டுப் பார்ப்பார். தரகர் என்ன சொன்னாலும் சரி, பல் மாட்டின் வயதைச் சொல்லிவிடும்.

பழைய கார் அப்படி அல்ல. காருக்குப் பல் கிடையாது. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர்தான் உண்டு. சில வியாபாரிகள் அந்த மீட்டரையே பொய் சொல்ல வைத்துவிடுகிறார்கள்! ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி, நாற்பதாயிரம் மட்டுமே ஓடியதாகக் கணக்குக் காட்டுகிறது. விபத்தில் நசுங்கிய கார் புதுப் பெயிண்டில் பளபளக்கிறது. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார், "வீட்டை விட்டு அதிகம் வெளியே எடுக்காத வண்டி" என்ற பெயரோடு கைமாறுகிறது. 2015-ம் ஆண்டிலும், 2023-ம் ஆண்டிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களைக் கண்டவர்களுக்கு இந்த ஆபத்து புரியும்.

பாதிக்கப்படுவது யார்? பணக்காரர் புதுக் கார் வாங்குவார். பழைய காரைத் தேடிப் போவது நடுத்தரக் குடும்பம். அப்பாவின் சேமிப்பு, அம்மாவின் நகை, சீட்டு எடுத்த பணம், இவைதான் காராக மாறுகின்றன. வாங்கிய மாதமே என்ஜின் நின்றுவிட்டால், நிற்பது கார் மட்டும் அல்ல. பிள்ளைகளின் படிப்புச் செலவும் நிற்கிறது.

பழசு குற்றம் அல்ல

கேட்கப்போனால் வியாபாரி என்ன சொல்கிறார்? "பழைய வண்டிதானே! அப்படித்தான் இருக்கும்" என்கிறார்.

பழைய காரை விற்பது குற்றம் அல்ல. தேய்ந்த டயரும், களைத்த என்ஜினும் பழைய காரில் இருக்கத்தான் செய்யும். அதற்காகத்தான் விலை குறைவு. ஆனால் தேய்ந்ததைத் தேயவில்லை என்று சொல்லி, அதற்கும் சேர்த்து விலை வாங்கினால் அது வியாபாரம் அல்ல, ஏமாற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை மாதம் அமுலுக்கு வந்தது. ஒரு பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது முறையற்ற வியாபாரம் என்று அது கூறுகிறது. ஏமாந்தவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டியதும் இல்லை. தாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பழுதை நீக்கித் தரும்படியோ, பணத்தைத் திருப்பித் தரும்படியோ, நஷ்ட ஈடு கொடுக்கும்படியோ ஆணையம் உத்தரவிடலாம். சொந்தமாக டாக்சி ஓட்டிப் பிழைக்கும் டிரைவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ஆலோசனை கிடைக்கும்.

இந்தச் சட்டம் வியாபாரிகளுக்கு உரியது. பக்கத்து வீட்டுக்காரர் தம் சொந்தக் காரை விற்று ஏமாற்றினால், சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அங்கே கைகொடுக்கும். மோசடியால் நடந்த பேரத்தை ரத்து செய்யக் கோரலாம். வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் போலீசிலும் புகார் செய்யலாம்.

வாய்ச்சொல் போதாது

சட்டம் இருந்தும் பலர் தோற்பது ஏன்? சாட்சி இல்லாததால்தான். "ஒரே கை வண்டி", "விபத்தே இல்லை" என்று வியாபாரி வாயால் சொன்னார். எழுதிக் கொடுக்கவில்லை. பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்கிறார்.

ஆகவே, பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர், எத்தனை கை மாறியது, விபத்து உண்டா, வெள்ளத்தில் மூழ்கியதா என்ற நான்கு கேள்விகளுக்கும் கையெழுத்தோடு பதில் வேண்டும். எழுதித் தர மறுக்கிறவரிடம் கார் வாங்காமல் இருப்பதே லாபம். விளம்பரத்தையும், ரசீதையும், செல்போனில் வந்த செய்திகளையும் பத்திரப்படுத்த வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் உள்ள எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காரின் பேரில் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போகவேண்டும். மீட்டர் குறைவாகக் காட்டும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார். கால்விரிப்புக்கு அடியில் சேறு, சீட்டின் ஆணிகளில் துரு, உள்ளே ஈர நாற்றம் என்றால் அது வெள்ளம் கண்ட வண்டியாக இருக்கலாம்.

சர்க்கார் செய்யவேண்டியது

வாங்குகிறவரை மட்டும் விழிப்பாக இருக்கச் சொல்வது நியாயம் ஆகாது. பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரம் பெறவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. நல்ல விதி. அதை ஏட்டோடு விடாமல் நடத்திக் காட்டவேண்டும்.

இன்னொரு படியும் ஏறவேண்டும். அமெரிக்காவில் 1985-ம் ஆண்டு முதல், வியாபாரி விற்கும் பழைய காரின் கண்ணாடியில் ஒரு விவரத் தாள் ஒட்டவேண்டும். காருக்கு உத்தரவாதம் உண்டா, இல்லையா என்பது அதிலே இருக்கும். நம் நாட்டிலும் ஒவ்வொரு காருக்கும் அத்தகைய தாள் கட்டாயம் ஆகவேண்டும். மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் அதில் வியாபாரி கையெழுத்துப் போடவேண்டும்.

நேர்மையான வியாபாரிக்கு இதனால் நஷ்டம் இல்லை. அவர் சொல்லுக்கு மதிப்புத்தான் கூடும். கையெழுத்துப் போடத் தயங்குகிறவர் யார் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

காருக்குப் பல் கிடையாது. அந்தத் தாள்தான் காரின் பல்லாக இருக்க வேண்டும்!