மைலேஜா? பிக்கப்பா?

கள்ளக்குறிச்சியில் யாராவது புது பைக் எடுத்தால் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" காலேஜ் ஸ்டாண்டில் கேள்வியே வேறு. "பிக்கப் எப்படி மச்சி?" ஸ்போர்ட்ஸ் பைக் கேட்கும் பையன் இருக்கும் வீட்டில் இந்த இரண்டு கேள்விகளும்தான் மோதிக்கொள்கின்றன.

பழைய சண்டைதான் இது. 1985-ல் இரண்டு 100 சிசி வண்டிகள் வந்தன. ஹீரோ ஹோண்டா சிடி100 மைலேஜுக்குப் பேர் வாங்கியது. 11 குதிரைத்திறன் கொண்ட யமஹா ஆர்எக்ஸ்100 இழுப்புக்குப் பேர் வாங்கியது. ஆர்எக்ஸ் 1996-ல் நின்றுபோனது. சிடி100-ன் வழியில் 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர் இன்றும் விற்கிறது.

பையன்கள் சொல்லும் பெரிய காரணம், "கல்வராயன் மலை ஏற பவர் வேணும்." கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி, ஓட்டுபவர், பின்னால் ஒருவர் எல்லாம் சேர்த்து 250 கிலோ. 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் ஏற்றம். வேகம் 30 கிலோமீட்டர். இதற்குத் தேவை சுமார் 4 குதிரைத்திறன்தான்! ஸ்ப்ளெண்டரிடம் 8 இருக்கிறது. கியரைக் குறைத்தால் வெள்ளிமலைக்கு ஏறிவிடும். யமஹா ஆர்15-ல் 18 இருக்கிறது. ஆனால் அந்த முழு பவர் வருவது 10,000 ஆர்பிஎம்மில். கொண்டை ஊசி வளைவில் அதை யார் தொடப் போகிறார்கள்?

பவருக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. சேலம்–உளுந்தூர்பேட்டை நான்கு வழிச்சாலையில் லாரியைச் சட்டென்று தாண்ட அது உதவும். தினமும் அந்தச் சாலையில் போகிறவர் கேட்பதில் நியாயம் உண்டு.

இனி செலவு. தினம் 40 கிலோமீட்டர் என்றால் மாதம் 1,200. லிட்டருக்கு 60 கொடுக்கும் வண்டிக்கு 20 லிட்டர், 40 கொடுப்பதற்கு 30 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,000 ரூபாய் வித்தியாசம். ஐந்து வருடத்தில் 60,000! வண்டியை ஓட்டுவது பையன், பெட்ரோல் போடுவது அப்பா என்பதால் இது பலருக்கு உறைப்பதில்லை.

மைலேஜ் கட்சிக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று மலை இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். இன்ஜின் பிடிமானம் போய் முழுப் பாரமும் பிரேக்கில் விழுகிறது. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் உயிர் போகும். மிச்சமும் இல்லை. ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டாலே பெட்ரோல் கிட்டத்தட்ட நின்றுவிடும்.

ஆகவே ஷோரூமுக்குப் போகும் முன் இரண்டு கேள்விகள் போதும். தினமும் ஓடப்போவது எந்த ரோட்டில்? பெட்ரோல் போடப்போவது யார்? இரண்டாவதற்கு "அப்பா" என்பது பதிலானால், மைலேஜ் வண்டியே மேல். சம்பாதித்த பிறகு ஆர்15 வாங்கிக்கொள்ளலாம், வெள்ளிமலை எங்கும் ஓடிவிடாது :-)